பீரியட் படம் எடுக்கக் கிளம்பியவர்களே, இன்னும் மனதை உறுத்தும் ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்

சுண்ணாம்புச்சுவர்:

கடைசி வருடப் படம். 1965 ஜனவரி, மதுரைப் பக்கம் ஒரு காபிக் கடை, வெளியே இந்தி எதிர்ப்புப் போராட்டம். மீதி உங்களுக்கே தெரியும்: கல்லூரி கேமரா, வீட்டில் கெஞ்சி வாங்கிய பணம், யார் வீட்டுத் திண்ணை ஓசியில் கிடைக்கும் என்று அலைச்சல். செட் போட வழியில்லை. கடைக்கு ஒரு பெயர்ப்பலகை, உள்ளே ஒரு பெஞ்ச், சுவரில் தாரில் எழுதிய கோஷம். இவ்வளவுதான் எங்கள் ஆர்ட் டிபார்ட்மென்ட்.

பலகையில் ‘ஸ்ரீ சரவணா காபி நிலையம்’. எழுத்துச் சீர்திருத்த அரசாணை 1978 அக்டோபரில்தான் வந்தது. அதனால் ணா, லை இரண்டும் பழைய வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தோம். எங்களிடம் இருந்த எழுத்துரு எதிலும் அவை இல்லை. ஃபிளக்ஸ் வந்தபிறகு போர்டு எழுதுவதையே விட்டுவிட்ட பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். பென்சிலில் கோடுகூடப் போடவில்லை மனிதர். பிரஷ்ஷை முக்கினார், தும்பிக்கை வைத்த அந்த லையை ஒரே இழுப்பில் இழுத்தார், கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். “கை மறக்கல பாத்தியா தம்பி” என்றார். கூலியில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மதிப்பெண் போட வெளியிலிருந்து வந்தவர் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்ன முதல் விஷயம்: “கடை போர்டுல ரெண்டு ஸ்பெல்லிங் மிஸ்டேக்.” விளக்கினோம். “சரிப்பா, ஆனா பாக்குறவனுக்குப் புரியணும்ல?” என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். இதற்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போதும் குளிக்கும்போது யோசிக்கிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது இருக்கும். சொல்லுங்கள்.

கருஞ்சட்டைப் பேரன்:

ஒரு திருத்தம். 1978-இல் வந்தது அரசாணை மட்டும்தான். பெரியார் 1935-லேயே தன் குடிஅரசு இதழில் அந்தப் புது எழுத்துகளை அச்சுக்குக் கொண்டுவந்துவிட்டார். 1965-இல் ஒரு திராவிடர் கழகக்காரர் கடை வைத்திருந்தால் புது லைதான் எழுதியிருப்பார். ஸ்ரீ போட்டிருக்க மாட்டார், அது வேறு விஷயம். ஆக, பழைய எழுத்து போட்டால்தான் பீரியட் என்று முடிவு கட்டாதீர்கள். கடைக்காரர் எந்தக் கட்சி என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

என் அனுபவமா? நான் படம் எடுத்ததில்லை. தாத்தா வீட்டுப் பரணில் பழைய விடுதலை ஏடுகளைப் படித்ததோடு சரி.

இருட்டடிப்பு:

எங்கள் கதை 1942 ஏப்ரல், சென்னை. 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டான். அடுத்தது மெட்ராஸ்தான் என்று பீதி. அவசிய வேலை இல்லாதவர்கள் ஊரைவிட்டுப் போகலாம் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. அப்போது மிருகக்காட்சி சாலை சென்ட்ரல் பக்கத்தில் இருந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடும் என்று ஆபத்தான மிருகங்களைச் சுட்டுக் கொன்றார்கள். இந்தக் காலத்தை எடுத்ததற்கு நாங்கள் சொல்லிக்கொண்ட காரணம் கலை. உண்மையான காரணம், ஊர் காலி, தெருவில் விளக்கு இல்லை. கூட்டம் வேண்டாம், பழைய கார் வேண்டாம், லைட் வாடகையும் மிச்சம். காசில்லாத மாணவனுக்கு இதைவிட நல்ல வரலாறு கிடைக்குமா?

ஜார்ஜ் டவுனில் ஒரு சந்து. விடிய இன்னும் நேரம் இருக்கிறது. எல்.இ.டி. தெருவிளக்கு ஒளி விழாத மூலையாகப் பார்த்துக் கேமராவை வைத்தோம். ஹீரோ ஏ.ஆர்.பி. வார்டன், அதாவது குண்டு போடும் விமானத்துக்கு ஊர் தெரியாமலிருக்க விளக்குகளை அணைக்கவைக்கும் காவலர்: காக்கி உடுப்பு, தலையில் இரும்புத் தொப்பி, வாயில் விசில். “விளக்கை அணை!” என்று கத்திக்கொண்டே ஓடிவர வேண்டும். கத்தினான். ஓடிவந்தான். சந்து முனையில் ரோந்து வண்டி வந்து நின்றது.

எஸ்.ஐ. இறங்கி இவனை மேலும் கீழும் பார்த்தார். “எந்த ஸ்டேஷன்டா நீ?”

இவன் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே கல்லூரிக் கடிதத்தை நீட்டினான். அவர் டார்ச் அடித்துப் படித்தார். அப்புறம் குரலே மாறிவிட்டது. அவருடைய ஆயா அந்த எவாக்குவேஷனில்தான் கைக்குழந்தையோடு ஆரணிக்குப் போனாராம். “எடுங்க எடுங்க, நான் ஓரமா நிக்குறேன்” என்று நின்றுவிட்டார். நல்ல மனிதர். ஆனால் வண்டி மேல் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுற்றிக்கொண்டே இருக்கிறது, சந்துச் சுவர் முழுக்க. அதை அணைக்கச் சொல்லும் தைரியம் எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. பொழுது விடிந்துவிட்டது.

தையல்மெஷின்:

மேலே இருப்பவர் ஹீரோவின் உடுப்பைச் சொன்னார், தலையைச் சொல்லவில்லை. கிராப் எப்படி இருந்தது? பக்கவாட்டில் மெஷின் விட்டு ஒட்ட வழித்து, மேலே குருவிக்கூடு வைத்த இன்றைய வெட்டுதானே? நான் காஸ்ட்யூம் பார்த்த படத்தில் அதுதான் நடந்தது. 1940-கள் கதை. ஷூட்டிங்குக்கு முதல் நாள் இரவு ஹீரோ சலூனுக்குப் போய் “நல்லா பண்ணுண்ணே, நாளைக்கு ஷூட்டிங்” என்று சொல்லி வெட்டிக்கொண்டு வந்து நின்றான். படம் முழுக்கத் தலைப்பாகை. பள்ளிக்கூட வாத்தியார் பாத்திரம், வகுப்பிலும் தலைப்பாகை, தூங்கும்போதும் தலைப்பாகை. என் கதை அவ்வளவுதான்.

இனி செய்யப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். நடிகர்களை இரண்டு மாதம் முன்பே முடிவு செய்து, முடியில் கை வைக்காதே என்று சொல்லிவிடுங்கள். பெண்களுக்குப் புருவம் திருத்தாமல் இருக்க வேண்டும், இதற்குத்தான் அதிகம் சண்டை வரும். பல்லில் கிளிப் போட்டிருக்கிறவர்களை வாய் மூடிய பாத்திரத்துக்குப் போடுங்கள். டாட்டூவை மேக்கப்பில் மறைக்கலாம், வியர்த்தால் தெரியும், ஆகவே முழுக்கை. வடபழனி, சாலிகிராமத்தில் வாடகைக்கு எடுத்தால் ராஜா உடுப்பும் போலீஸ் உடுப்பும்தான் உருப்படியாகக் கிடைக்கும். சாதாரண மனிதர்களின் துணி பாட்டிகளின் பெட்டியில் இருக்கிறது. பருத்தி மட்டும். பாலியெஸ்டர் கலந்த வேட்டி வெயிலில் மின்னும், கேமரா காட்டிக்கொடுத்துவிடும். புது வேட்டியை டீத்தூள் டிகாஷனில் முக்கிக் காயவைத்தால் ஏழெட்டு வருடம் உடுத்திய நிறம் வரும். இஸ்திரி போடாதீர்கள். தயவுசெய்து இஸ்திரி போடாதீர்கள். ஏழை விவசாயி கத்தி மடிப்போடு வருகிற எத்தனை மாணவர் படம் பார்த்துவிட்டேன்! ஜிப் கூடாது, பட்டன்தான். வாட்ச் கட்டிய இடத்தில் வெள்ளைத் தடம் இருந்தால் அதற்கும் கொஞ்சம் மேக்கப். செருப்பு கிடைக்கவில்லையா, வெறுங்காலோடு நடக்கவிடுங்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நடந்தார்கள், செலவும் இல்லை.

இருட்டடிப்பு:

தொப்பி போட்டிருந்தான் என்று எழுதியிருக்கிறேனே சார். இரும்புத் தொப்பி.

பூவரசு:

எங்கள் படம் திருநெல்வேலிப் பக்கம், என் பாட்டி வீட்டில். 1950-களில் ஒரு கூட்டுக்குடும்பம். பாட்டி தொண்ணூறைத் தொட்டவர். டி.வி.யைத் தூக்கி வெளியே வைத்தோம், டியூப்லைட்டைக் கழற்றினோம், பிளாஸ்டிக் குடமெல்லாம் தொழுவத்துக்குப் போனது. எதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. ‘நல்லா இரி’ என்று எல்லோருக்கும் கருப்பட்டிக் காபி போட்டுக் கொடுத்தார்.

மருமகள் ஊஞ்சலில் உட்கார்ந்து கடிதம் படிக்கிறாள். மாமனார் வாசலில் வருகிறார். அவள் மெதுவாகக் கடிதத்தை மறைக்க வேண்டும். சென்னைப் பெண், நன்றாக நடிப்பவள். பல டேக் போயும் அந்தப் பயம் மட்டும் முகத்தில் வரவில்லை. டைரக்டரும் விதவிதமாக விளக்கிக்கொண்டே இருந்தான்.

அடுத்த டேக். மாமனார் நிலைப்படியில் கால் வைக்கிறார். கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம்: “ஏட்டி! எந்திரிட்டி! மாமனார் வாறது கண்ணுக்குத் தெரியலையா?”

அந்தப் பெண் துள்ளி எழுந்து தூணுக்குப் பின்னால் போய் நின்றாள். கடிதம் கீழே விழுந்தது. ஊஞ்சல் தானாக ஆடிக்கொண்டிருந்தது. டைரக்டர் கட் சொல்லவே மறந்துவிட்டான். படத்தில் இருப்பது அந்த டேக்தான். பாட்டியின் குரலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காக்காச் சத்தம் வைத்தோம்.

உறுத்துவது என்னவென்றால், அப்புறம் பாட்டி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு “பயந்துட்டியா? நானும் இப்படித்தாம்மா பயந்தேன்” என்றார். அதுவரை எங்களுக்கு ஆலோசகர் வேண்டும் என்று ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தோம்.

ஓட்டைக்காலணா:

சின்னக் கதை. 1957 ஏப்ரல் 1, நயா பைசா வந்த நாள். பதினாறு அணா ரூபாய் நூறு பைசா ரூபாய் ஆகிறது. நாலணாவுக்கு 25 பைசா, எட்டணாவுக்கு 50, அதில் தகராறு இல்லை. ஓரணாவுக்கு ஆறேகால் வர வேண்டும், காலுக்கு எங்கே போவது? 6 என்று வைத்தார்கள். மூன்றணாவுக்கு 19. ஆக, ஓரணா மூன்றைத் தனித்தனியாகக் கொடுத்தால் 18, சேர்த்துக் கொடுத்தால் 19. இந்த ஒரு பைசாவுக்காகப் பெட்டிக்கடையில் நடக்கும் சண்டைதான் மொத்தப் படமும். ஒரே லொகேஷன், இரண்டு நடிகர்கள், ஒரு பையன்.

நாணயங்களை ஒரு சேகரிப்பாளரிடம் இரவல் வாங்கியிருந்தோம். நல்ல பளபளப்பான ஒரு நயா பைசா, அதுதான் அவருக்கு உயிர். கடைசிக் காட்சியில் பையன் அதைக் கோவில் உண்டியலில் போடுவதுபோல் கையைக் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனான். போட்டுவிட்டான். ணங்.

“நீங்கதானேண்ணே போடச் சொன்னீங்க” என்கிறான். உண்டியலோ நிஜ உண்டியல், பூட்டும் சீலும் அறநிலையத் துறையுடையது. எண்ணும் நாள்வரை யாரும் தொட முடியாது என்றார் குருக்கள், “சாமிக்குப் போட்டதைத் திருப்பிக் கேப்பாளோ?” என்ற கேள்வியோடு. சேகரிப்பாளருக்கு போன் செய்யும் வேலை என்னிடம் வந்தது.

கருஞ்சட்டைப் பேரன்:

உண்டியல் எண்ணியபோது கிடைத்ததா?

ஓட்டைக்காலணா:

அதற்குள் அந்தச் சேகரிப்பாளர் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

மஞ்சள்பெட்டி:

எல்லோரும் ஏன் 1942, 1957 என்று போகிறீர்கள் என்றே புரியவில்லை. 1990-களும் இப்போது பீரியட்தான். நாங்கள் 1994-இல் நடக்கும் எஸ்.டி.டி. பூத் காதல் கதை எடுத்தோம். போன் பரணில் இருந்தது, சட்டை அப்பாவுடையது, மஞ்சள் பலகையை நாங்களே எழுதினோம், எழுத்துச் சண்டை கிடையாது. வண்டி நம்பர் பிளேட்டை மட்டும் மாற்றினால் தெருவையே காட்டலாம்.

எங்களை வீழ்த்தியது சத்தம். ஆடி மாதத்தில் ஷூட்டிங் வைத்தார்கள். எதிர்த் தெருவில் அம்மன் கோவில் குழாய் ஸ்பீக்கர். காதலி பூத்துக்குள் அழுகிறாள், பின்னால் அந்த வருடம் வந்த குத்துப்பாட்டு. டப்பிங் பேச நேரமில்லை, அப்படியே இணையத்தில் ஏற்றினோம். பாட்டின் உரிமைக்காரர்கள் தரப்பில் புகார் வந்து அந்தப் பகுதியின் ஒலியை முடக்கிவிட்டார்கள். சொந்தக்காரர்கள் எல்லோரும் என் வீட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள், கிளைமாக்ஸ் ஊமை. “சைலன்ஸ்ல விட்டுட்டே பாரு, சூப்பர்” என்று மாமா கைகொடுத்தார்.

பழைய பாட்டு என்றால் பிரச்சினை வராது என்று நினைக்காதீர்கள். ஒலிப்பதிவுக்கு நம் சட்டப்படி வெளியான அடுத்த வருடத்திலிருந்து 60 வருடம் உரிமை. அது முடிந்திருந்தாலும், எழுதியவர், இசையமைத்தவர் உரிமை தனி. அவர்கள் காலமாகி 60 வருடம் வரை அது உயிரோடு இருக்கும். பேசாமல் உங்கள் கல்லூரிப் பையன் ஒருவனைப் பழைய மெட்டுபோல ஒன்றைப் பாடச் சொல்லி, ரேடியோவில் வருகிற மாதிரி வடிகட்டிப் போடுங்கள்.

தையல்மெஷின்:

1990-கள் சுலபம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். 1942-ஐப் பார்த்தவர்கள் குறைவு, தப்பு செய்தால் தப்பிக்கலாம். 1994-ஐப் பார்த்தவன் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறான், ‘இந்த மிக்சி அப்போ வரலையே’ என்பான்.

கடலோரச் சங்கு:

தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவு, புயல், பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது. நம் மாணவர்களில் பாதிப்பேர் இதைத்தான் எழுதுவார்கள், நாங்களும் எழுதினோம். இடிந்த சர்ச்சும் ஸ்டேஷன் சுவரும் ஓசியில் நிற்கிறதே என்று டைரக்டருக்கு ஒரே குஷி. அங்கே போய் நின்றபிறகுதான் கேமராமேன் கேட்டான், “புயலுக்கு முந்தின நாள் இந்தச் சர்ச்சுக்குக் கூரை இருந்திருக்குமே?” இடிபாடு பழசாகத் தெரியும், ஆனால் அது 1964 இல்லை. அங்கேயே மணலில் உட்கார்ந்து கதையை மாற்றினோம். புயல், ரயில் எல்லாம் போயிற்று. புயல் முடிந்து சில நாள் கழித்து, ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் தன் குடும்பத்தைத் தேடிவருகிறார். பட்ஜெட்டும் பாதியாகிவிட்டது.

நடிகருக்கு வெள்ளைக் கோட்டு, தொப்பி, கையில் கொடி. ஸ்டேஷன் சுவரோரம் நின்று கடலைப் பார்க்கிறார், கண்ணில் நிஜமாகவே நீர் கட்டிவிட்டது, லாங் ஷாட். ஃபிரேமின் இடது ஓரத்திலிருந்து கூலிங் கிளாஸ் போட்ட ஒருவர் நடந்துவந்து நேராக அவரிடம் போனார்.

“சார், ராமேஸ்வரம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?”

நடிகர் தியேட்டர் ஆள், பாத்திரத்தைவிட்டு வெளியே வரமாட்டார். கண்ணைக்கூடத் துடைக்காமல், “இனிமே எதுவும் வராதுங்க” என்றார். அந்த மனிதர் திரும்பிப் பார்த்து, “ஏய், பஸ் கிடையாதாம், ஆட்டோவப் பிடி!” என்று குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு ஓடினார்.