வாஷிங்டன் மெட்ரோ: பாதுகாப்புத் தலைவருக்கு வேண்டியது அதிகாரமா, பயிற்சியா?

தண்டவாளம்:
அமெரிக்கப் பொதுப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றின் பாதுகாப்புத் துறைத் தலைவர் பதவிக்கு வந்த விளம்பரத்தைப் படித்தேன். கொள்கை வகுக்க வேண்டும், பயிற்சி நடத்த வேண்டும், ஊழியருக்கும் மக்களுக்கும் செய்தி சொல்ல வேண்டும் என்று முழநீளப் பட்டியல். ஆபத்து என்று பட்டால் வண்டியை நிறுத்தும் அதிகாரம் உண்டா என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த அதிகாரம் இல்லாத பாதுகாப்பு அதிகாரி சுவரொட்டி ஒட்டத்தான் லாயக்கு.

வாஷிங்டன் மெட்ரோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015 ஜனவரி 12 அன்று லான்ஃபான்ட் பிளாசா நிலையத்துக்கு அருகே மின்வடக் கோளாறில் சுரங்கம் புகையால் நிறைந்தது. ஒரு பயணி இறந்தார், எண்பதுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு மார்ச் 14 அன்று மெக்ஃபர்சன் ஸ்கொயர் அருகே மறுபடியும் ஒரு மின்வடம் எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனாலும் பொது மேலாளர் பால் வீடெஃபெல்ட் மறுநாளே அறிவித்துவிட்டார், நள்ளிரவு முதல் ரயில் சேவை முழுவதும் நிற்கும் என்று. 29 மணி நேரம் நின்றது. சுமார் 600 மின்வடங்களைச் சோதித்ததில் 26 இடங்களில் பழுது இருந்தது. அவற்றில் மூன்று, அந்த வழியே ரயில் விடவே கூடாத நிலையில் இருந்தன. எத்தனை வகுப்பு நடத்தியிருந்தாலும் அந்த மூன்றும் அன்று கண்ணில் பட்டிருக்குமா?

மேரிலாந்து மீனா:
கைதட்டுவதற்கு முன், ரயில் நின்ற அந்தப் புதன்கிழமை இங்கே இருந்தவர்களையும் கேளுங்கள். அறிவிப்பு வந்தது செவ்வாய் மாலை. மத்திய அரசு ஊழியர்களுக்கு விடுப்போ வீட்டிலிருந்து வேலையோ கிடைத்தது. மருத்துவமனையில் இரவுப் பணி பார்ப்பவர், விடுதியில் அறை சுத்தம் செய்பவர், பள்ளிக்கே மெட்ரோவில் போகும் பிள்ளை, இவர்களுக்கு என்ன கிடைத்தது? வார நாளில் ஏறத்தாழ ஏழு லட்சம் பயணங்கள் நடக்கும் ரயில் அது.

ரயில் இல்லையென்றால் மக்கள் காரில் போவார்கள். காரில் போவது ரயிலில் போவதைவிடப் பல மடங்கு ஆபத்தானது, இதை எந்தப் பாதுகாப்பு அதிகாரியும் மறுக்க முடியாது. ஆனால் சாலையில் யாராவது செத்தால் அது மெட்ரோவின் கணக்கில் வராது. தன் கணக்குப் புத்தகம் சுத்தமாக இருந்தால் போதும் என்பதற்குப் பெயர் பாதுகாப்பா?

தண்டவாளம்:
மீனா அவர்களே, ஒரு நாள் கார்ப் பயணத்தையும் சுரங்கத்துக்குள் நடக்கக்கூடிய ஒரு தீவிபத்தையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள். அந்த மூன்று மின்வடங்களில் ஒன்று நெரிசல் நேரத்தில் எரிந்திருந்தால் இதே இணைய விவாதத்தில் "ஏன் மூடவில்லை" என்று முதலில் கேட்டிருப்பவர் நீங்களாகத்தான் இருக்கும்.

பழைய பயிற்றுநர்:
இருவரும் ஒரு நாளைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் வேறு இரண்டு ஆண்டுகளைச் சொல்கிறேன்.

2005இல் இதே மெட்ரோவில் ராஸ்லின் நிலையத்துக்கு அருகே ரயில்கள் மோதிக்கொள்ளாமல் மயிரிழையில் தப்பின. தண்டவாளத்தில் ரயில் நிற்கிறது என்பதை அங்கிருந்த டிராக் சர்க்யூட் என்ற மின்சுற்று உணரவில்லை. ஓட்டுநர்கள் தாமாகவே பிரேக் போட்டதால் பிழைத்தார்கள். நிறுவனம் சும்மா இருக்கவில்லை. இப்படிப்பட்ட கோளாறைக் கண்டுபிடிக்கப் புதிய சோதனை முறை ஒன்றை வகுத்தது. நல்ல முறைதான்.

2009 ஜூன் 22. ஃபோர்ட் டாட்டன் அருகே சிவப்புத் தடத்தில் நின்றுகொண்டிருந்த ரயிலின் மேல் பின்னால் வந்த ரயில் ஏறியது. ஓட்டுநரோடு சேர்த்து ஒன்பது பேர் இறந்தார்கள். காரணம் அதே வகைக் கோளாறு, நின்ற ரயில் சர்க்யூட்டின் கண்ணுக்குத் தெரியவில்லை. சில நாள் முன்புதான் அந்த இடத்தில் கருவி மாற்றி வேலை செய்திருந்தார்கள். 2005இல் வகுத்த சோதனையைச் செய்திருந்தால் கோளாறு வெளிப்பட்டிருக்கும். அந்தச் சோதனை பராமரிப்புத் தொழிலாளர்களின் அன்றாட வேலைக்குள் வந்து சேரவே இல்லை. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விபத்துக்கான காரணங்களில் ஒன்றாகவே இதை எழுதியது.

வண்டியை நிறுத்தும் அதிகாரத்தால் இங்கே என்ன பயன்? எதற்காக நிறுத்த வேண்டும் என்பதே யாருக்கும் தெரியாதே. நான்கு ஆண்டுகள் அலமாரியில் இருந்த காகிதத்தை ஒரு தொழிலாளியின் கையில் கொண்டு சேர்ப்பதுதான் பயிற்சித் துறையின் வேலை. தண்டவாளம் சார் அதைச் சுவரொட்டி ஒட்டுவது என்கிறார்.

சிக்னல் சீனு:
பயிற்றுநர் ஐயா சொன்ன 2009 தகவல் சரி, ஆனால் பாதிதான். மோதிய ரயிலின் முன்பெட்டி 1000 வரிசையைச் சேர்ந்தது, மெட்ரோ தொடங்கிய 1970களின் பெட்டி. மோதினால் பெட்டி மடிந்து உள்ளே இருப்பவர்களை நசுக்கும் என்பது 2004இல் உட்லி பார்க் விபத்திலேயே தெரிந்துவிட்டது. அவற்றை வலுப்படுத்துங்கள் அல்லது விலக்குங்கள் என்று வாரியம் 2006இல் பரிந்துரைத்தது. கடைசி 1000 வரிசைப் பெட்டி ஓய்வு பெற்றது 2017இல். இதற்கு அதிகாரமும் பயிற்சியும் காரணமில்லை. பணம் இல்லை, அவ்வளவுதான். இந்த மூன்றாவது விஷயத்தை இருவரும் தொடவே மாட்டேன் என்கிறீர்கள்.

தண்டவாளம்:
பணம் இல்லாதபோதுதான் அதிகாரம் வேண்டும் சீனு. 2021 அக்டோபர் 12 அன்று ஆர்லிங்டன் கல்லறை நிலையத்துக்கு அருகே 7000 வரிசை ரயில் ஒன்று தடம் புரண்டது. அச்சில் சக்கரங்கள் இருக்க வேண்டிய இடத்தைவிட்டு நகர்ந்திருந்தன. இந்தக் கோளாறு 2017 முதலே மெட்ரோவுக்குத் தெரியும். சில நாளில் வாஷிங்டன் மெட்ரோரயில் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது, அந்த வரிசையின் 748 பெட்டிகளையும் சேவையிலிருந்து வெளியே எடு என்று. மொத்தப் பெட்டிகளில் ஏறத்தாழ 60 விழுக்காடு! சேவை பல மாதம் தள்ளாடியது. ஆனால் ஆணையம் மெட்ரோவின் சம்பளப் பட்டியலில் இல்லை, அதனால்தான் சொல்ல முடிந்தது. நம் ஊரிலும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். சென்னை மெட்ரோவின் புதிய தடம் எதுவானாலும் அவர் கையெழுத்து வேண்டும்.

மேரிலாந்து மீனா:
2021ஐ இழுத்தீர்கள், நான் 2022ஐ இழுக்கிறேன். அந்த மே மாதம் ஒரு செய்தி வெளியானது. மெட்ரோ ரயில் ஓட்டுநர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தகுதிச் சான்று காலாவதியாகியிருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் கொடுத்த விலக்கு நீண்டுகொண்டே போயிருந்தது. ஓராண்டுக்கும் மேல் புதுப்பிக்காத 72 பேரை உடனே வண்டியிலிருந்து இறக்கினார்கள். ரயில்கள் மேலும் குறைந்தன. நடைமேடையில் நின்றவர்கள் வழக்கம்போல நாங்கள்தான்.

அடுத்த நாள் பொது மேலாளர் பதவி விலகினார். யார் தெரியுமா? உங்கள் வீரர் வீடெஃபெல்ட். ஒரே இரவில் ரயில் முழுவதையும் நிறுத்தக்கூடிய மனிதர், ஓட்டுநர்களின் புத்தாக்கப் பயிற்சியைத் தவறவிட்டுப் போனார். ஓய்வு பெற ஓரிரு மாதமே இருந்த நிலையில்!

பழைய பயிற்றுநர்:
மீனா அம்மா, இதைத்தான் நான் சொல்ல வந்தேன், முந்திக்கொண்டீர்கள்.

ஆனால் உங்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. 72 பேரை இறக்கியதால் காத்திருக்க நேர்ந்தது என்று குறைப்படுகிறீர்கள். அவர்களை ஓடவிட்டிருக்க வேண்டுமா? நான் வேலை செய்த ஒரு போக்குவரத்துக் கழகத்தில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கும், வகுப்பு நடந்திருக்காது. வண்டி ஓட்ட ஆள் வேண்டும் என்று பணிமனையிலிருந்து தொலைபேசி வந்தால் பாதி வகுப்பு காலியாகும். பயிற்சி எப்போதும் சேவையிடம் தோற்கும் துறை. அதைத் தோற்காமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் ஒரு தலைவர்.

2015 புகை விபத்தையும் திரும்பப் பாருங்கள். சுரங்கத்தில் புகை வந்தால் எந்த விசிறியை எப்படி ஓட்டுவது என்று எழுதிவைத்த நடைமுறையே இல்லை. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கு அதில் பயிற்சியும் இல்லை. நிலையத்து விசிறிகள் புகையை ரயில் நின்ற பக்கமே இழுத்தன. மின்வடத்தில் தொடங்கிய கோளாறு விசிறியால் பெரிதானது. தண்டவாளம் சார், இதற்கும் நிறுத்தும் அதிகாரம்தான் மருந்தா?

தண்டவாளம்:
புகை வருகிறது என்றால் பயணிகளோடு ஒரு ரயிலையும் அந்தச் சுரங்கத்துக்குள் விடக்கூடாது. நிறுத்தியிருந்தால் விசிறி எந்தப் பக்கம் சுற்றினால் என்ன? ஆம், அதுதான் மருந்து.

சிக்னல் சீனு:
நிறுத்த வேண்டும் என்று கட்டுப்பாட்டு அறையில் இருந்தவருக்கு யாராவது கற்றுக்கொடுத்திருக்க வேண்டுமே சார். சுற்றிச் சுற்றி ஐயாவின் வகுப்பறைக்கே வருகிறீர்கள்.

பழைய பயிற்றுநர்:
நன்றி சீனு. செய்தித் தொடர்பு என்றவுடன் எல்லோரும் பத்திரிகைக் குறிப்பை நினைக்கிறார்கள், அதனால் ஒன்று சேர்த்துவிடுகிறேன். செய்தி கீழிருந்து மேலே போவதே கடினம். 2013இல் மெட்ரோவும் தொழிற்சங்கமும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தன. நூலிழையில் தப்பிய சம்பவங்களை ஊழியர் பெயர் வெளிவராமல் சொல்லலாம். சொல்வது மேலதிகாரியிடம் அல்ல, கூட்டரசின் போக்குவரத்துப் புள்ளியியல் அலுவலகத்திடம். தண்டனை பயம் இல்லை. 2021இல் வந்த கூட்டரசுச் சட்டம் இன்னும் ஒரு படி போனது. பெரிய நகரப் போக்குவரத்து நிறுவனங்களில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும், அதில் களத் தொழிலாளர் தரப்பும் நிர்வாகத் தரப்பும் சம எண்ணிக்கையில் உட்கார வேண்டும்.

மேரிலாந்து மீனா:
அந்தக் குழுவில் பயணிக்கு நாற்காலி உண்டா ஐயா? கூட்டரசின் விதி பாதுகாப்புத் தலைவரை நிறுவனத் தலைமையிடம் நேரடியாகப் பேச வைக்கிறது. தொழிலாளியையும் மேசைக்குக் கொண்டுவருகிறது. புகைக்குள் அமர்ந்திருந்தவர்கள் மட்டும் செய்தியைப் பெற்றுக்கொள்பவர்கள். 2015இல் அந்த ரயிலுக்குள் இருந்தவர்கள் உதவி வரும் என்று அரை மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்தார்கள். தீயணைப்பு வீரர்கள் பேசிக்கொள்ளும் கம்பியில்லாக் கருவியும் சுரங்கத்தில் சரியாக வேலை செய்யவில்லை.

சிக்னல் சீனு:
2009 விபத்துக்குப் பிறகு மெட்ரோ தானியங்கி ஓட்டத்தை நிறுத்தி ஓட்டுநர் கையிலேயே ரயிலை ஓட்டியது. சிவப்புத் தடத்தில் அது முறையாகத் திரும்பியது 2024 டிசம்பரில். ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் கையால் ஓட்டிப் பழகியவர்கள் இப்போது கருவியைக் கண்காணிப்பவர்கள். பிரேக் தானாகப் பிடிக்கும் என்று உட்கார்ந்திருப்பவர், ராஸ்லின் ஓட்டுநர்களைப் போலச் சந்தேகப்பட்டுக் கை வைப்பாரா? தண்டவாளம் சார், இதற்கு எதை நிறுத்துவீர்கள்?

தண்டவாளம்:
டிராக் சர்க்யூட்டில் சந்தேகம் வந்த பகுதியில் தானியங்கி ஓட்டத்தை நிறுத்துவேன். சந்தேகம் வந்தது என்று எனக்குச் சொல்லும் ஆளை ஐயா தயார் செய்யட்டும்.

பழைய பயிற்றுநர்:
செய்கிறேன். வகுப்பு நடக்கும் நாளில் அவரைப் பணிமனைக்குத் திருப்பி அழைக்கக்கூடாது என்று முதலில் நீங்கள் ஓர் உத்தரவு போடுங்கள்.