இத்தாலியில் தெருச்சாப்பாடு: மூன்று வேளையும் நின்றுகொண்டே ஓட்ட முடியுமா?

வடபழனி வாசி
மே மாதம் பத்து நாள் இத்தாலி போகிறோம். ரோம், ஃப்ளோரன்ஸ், நேபிள்ஸ் உறுதி. கடைசி மூன்று நாளுக்கு ஜெனோவாவா பலெர்மோவா என்று வீட்டில் இழுபறி. நான், மனைவி, மாமனார். மாமனார் முட்டையைக்கூடத் தொடமாட்டார். நாங்கள் இருவரும் அசைவம்தான், மனைவிக்கு மாட்டிறைச்சி மட்டும் ஆகாது. உட்கார்ந்து சாப்பிட்டால் காசும் போகும், பாதிப் பகலும் போகும். அதனால் தெருக்கடைகளிலேயே ஓட்டிவிடலாம் என்பது என் யோசனை. சரிவருமா?

அளவுச்சாப்பாடு
சரிவராது சார். இரண்டு முறை போய்வந்த அனுபவத்தில் சொல்கிறேன். ரோமில் பெரிய நீரூற்று ஒன்றின் பக்கத்துக் கடையில் சோற்று உருண்டை வாங்கினேன். மைக்ரோவேவில் சுடவைத்துக் கொடுத்தார்கள். வெளியே கொதிக்கிறது, நடுவில் ஐஸ். அதற்கு வாங்கிய காசில் ஒரு தெரு தள்ளி உட்கார்ந்து ஒரு தட்டு பாஸ்தா சாப்பிட்டிருக்கலாம்.

அப்புறம், எங்கே நின்று சாப்பிடுவீர்கள்? 2018இல் ஃப்ளோரன்ஸில் உஃபிட்சி அருங்காட்சியகத்தைச் சுற்றியுள்ள சில தெருக்களில், சாப்பாட்டு நேரங்களில் நடைபாதையில் உட்கார்ந்தோ நின்றோ சாப்பிட்டால் 150 முதல் 500 யூரோ வரை அபராதம் என்று சில மாதம் உத்தரவு போட்டிருந்தார்கள். ரோமில் ஸ்பானியப் படிக்கட்டில் சாப்பிடுவது இருக்கட்டும், 2019இலிருந்து சும்மா உட்காருவதற்கே அபராதம். வயதானவரைக் கூட்டிக்கொண்டு போய் இதெல்லாம் தேவையா?

தோசைக்கல்
நீரூற்றுப் பக்கத்தில் வாங்கிவிட்டு இத்தாலியைத் திட்டுகிறீர்களே சார்! மீனாட்சி கோயில் வாசலில் வாங்கிய காபியை வைத்து மதுரையை எடைபோட முடியுமா?

ரோமில் நீங்கள் தேட வேண்டியது சுப்ளி. தக்காளி போட்டு வேகவைத்த சோற்றுக்குள் மொத்சரெல்லா வைத்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிப்பது. இரண்டாகப் பிய்த்தால் பாலாடைக்கட்டி நூல் மாதிரி நீளும். பழைய தொலைபேசியின் ஒயர் மாதிரி என்று அதற்கு ‘சுப்ளி அல் தெலெஃபோனோ’ என்றே பெயர். சூடாக இருந்தால்தான் அந்த நூல் வரும். உங்களுடையது வந்திருக்காது.

அடுத்தது பிட்சா அல் தாலியோ. பெரிய செவ்வகத் தட்டில் சுட்டு வைத்திருப்பார்கள். கடைக்காரர் கத்தியை அதன்மேல் வைத்து “இவ்வளவா?” என்பதுபோல் பார்ப்பார். குறைவாக வேண்டுமென்றால் ‘மேனோ’ என்றால் போதும், கத்தி நகரும். வெட்டி எடைபோட்டுக் கொடுப்பார். விலைப்பலகையில் ‘எத்தோ’ என்று இருந்தால் அது 100 கிராமுக்கான விலை. கிலோ விலை என்று நினைத்து நான் முதல்நாள் ஏமாந்தேன், அது கடைக்காரர் தப்பில்லை. உருளைக்கிழங்கும் ரோஸ்மேரியும் போட்டது கேளுங்கள், மாமனாருக்கு ஒத்துவரும்.

அளவுச்சாப்பாடு
ஒத்துவருமா? முட்டையே தொடாதவர் சீஸ் சாப்பிடுவாரா என்று முதலில் கேளுங்கள். பார்மிஜானோ சீஸுக்குப் பால் திரிய வைப்பதே கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறை. எருமைப்பால் மொத்சரெல்லாவிலும் அதேதான்.

பன்றிக்கொழுப்பு இன்னொரு தொல்லை. அதை ‘ஸ்ட்ருட்டோ’ என்பார்கள், நேபிள்ஸ் பக்கம் ‘சுன்யா’. ரொமாஞ்ஞா பகுதியின் பியதீனா ரொட்டி, நேபிள்ஸின் அடுக்கடுக்கான ஸ்ஃபொல்யாதெல்லா, சிசிலியின் கன்னோலி ஓடு, எல்லாவற்றிலும் வழக்கப்படி அதுதான். இனிப்புதானே என்று வாங்கிக் கொடுத்துவிடுவோம். நேபிள்ஸில் பிட்சா ஃப்ரித்தா என்று பொரித்த பிட்சா கிடைக்கும். பார்த்தால் நம்மூர் சோமாசிக்கு அண்ணன் மாதிரி இருக்கும். பிய்த்தால் உள்ளே ரிகோத்தா என்ற மெத்தென்ற சீஸோடு பன்றிக்கொழுப்பு வறுவல்.

மதுரை மீனாள்
சைவம், அசைவம் இருக்கட்டும். நான் கேட்பது வேறு. ‘இத்தாலியத் தெருச்சாப்பாடு’ என்று ஒன்று உண்டா? ஜெனோவாவில் கிடைப்பதை நேபிள்ஸில் போய்க் கேட்டால் முழிப்பார்கள். வெனிஸ்காரர்கள் சிக்கெத்தி என்று சின்னச்சின்னத் தட்டு வைத்திருக்கிறார்கள், அதையும் பெரும்பாலும் மதுக்கடையில் நின்றுதான் சாப்பிடுகிறார்கள். நாடு முழுவதும் ஒரே பட்டியல் போட்டு அலைபவர்களுக்குத்தான் மைக்ரோவேவ் உருண்டை கிடைக்கும். ஊருக்கு ஒன்று, அந்த ஊரில் மட்டும். அப்படிப் போனால் ஏமாற வாய்ப்பில்லை.

ஃப்ளோரன்ஸில் என்றால் லாம்ப்ரெதோத்தோ. மாட்டின் நான்காவது இரைப்பை. அளவுச்சாப்பாடு சார் சொன்ன உறையும் கன்றின் அதே பையிலிருந்துதான் வருகிறது! தள்ளுவண்டியில் குண்டான் கொதித்துக்கொண்டே இருக்கும். ஒரு துண்டை எடுத்துப் பலகையில் வைத்துப் பொடியாக வெட்டி ரொட்டிக்குள் வைப்பார்கள். மேல்பாதி ரொட்டியை முள்கரண்டியில் குத்தி அந்தக் கொதிக்கும் சாற்றில் ஒரு முக்கு முக்கி மூடித் தருவார்கள். பச்சை சாஸ் வேண்டுமா, காரம் வேண்டுமா என்பார்கள். இரண்டும் என்று சொல்லுங்கள். உங்கள் மனைவிக்கு ஆகாது, நீங்கள் தனியாகப் போங்கள்.

வடபழனி வாசி
சீஸ் விஷயம் மாமனாருக்கு இன்னும் தெரியாது. சென்னையில் பிட்சா சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார். இதை அவரிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

பலெர்மோக்காரன்
வணக்கம். நான் யாழ்ப்பாணம், இங்கே பலெர்மோவில் 17 வருசம். பல்லரோ சந்தைக்குப் பக்கத்தில்தான் வீடு. எங்கட சனம் இங்கே நிறைய. சாந்தா ரொசாலியா என்ற புனிதையைக் கும்பிட மொன்தே பெல்லெக்ரீனோ மலைக்குச் சைவக்காரரும் வெறுங்காலோடு ஏறுவார்கள்.

ஐயாவைப் பலெர்மோவுக்குக் கூட்டி வாருங்கள். பானெல்லே என்று ஒன்று இருக்கிறது. கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்து, களி கிண்டுவது மாதிரி அடுப்பில் விடாமல் கிண்டி, பார்ஸ்லி இலை வெட்டிப் போட்டு, சூடு ஆறமுதல் மெல்லிசாகப் பரப்பி, ஆறினபிறகு வெட்டி எண்ணெயில் பொரிப்பது. முட்டை இல்லை, சீஸ் இல்லை. எள்ளுப் போட்ட பாணுக்குள் நாலைந்தை வைத்து எலுமிச்சம்புளி பிழிந்து தருவார்கள். பாண் என்று நாங்கள் சொல்வதை இவர்கள் பானே என்கிறார்கள். வந்த புதிதில் எனக்கு விளங்கிய முதல் இத்தாலியச் சொல் அதுதான்.

சந்தையில் மண்ணீரல் பாணும் உண்டு, பானே கா மேவ்சா. கன்றின் மண்ணீரலும் நுரையீரலும் அவித்துப் பன்றிக்கொழுப்பில் பிரட்டுவது. எலுமிச்சம்புளி மட்டும் விட்டால் ‘ஸ்கியெத்தா’, கலியாணமாகாதவள். ரிகோத்தாவும் காச்சியோகவால்லோ சீஸும் சேர்த்தால் ‘மரிதாத்தா’, கலியாணமானவள். முன்னொரு காலத்தில் யூத இறைச்சிக்காரர்கள் அறுத்த கூலிக்குக் காசு வாங்கக்கூடாது என்று குடலும் ஈரலும் வாங்கினார்கள், அதில் வந்தது என்று இங்கே கதை சொல்வார்கள். 1492இல் யூதர்களை வெளியேற்றச் சொல்லிவிட்டார்கள், சாப்பாடு மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

அளவுச்சாப்பாடு
பலெர்மோ அண்ணா, பானெல்லே நல்லதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே எண்ணெயில் என்னென்ன பொரிகிறது என்று சொல்லவில்லையே?

பலெர்மோக்காரன்
சரியான கேள்வி. உருளைக்கிழங்கு குரொக்கே அதே எண்ணெயில்தான். சில கடையில் மீனும் போடுவார்கள். நான் சைவக்கார ஆட்களைக் கூட்டிப் போனால் பானெல்லேயும் குரொக்கேயும் மட்டும் பொரிக்கிற வண்டியாகப் பார்த்துத்தான் நிற்பாட்டுவேன். ஸ்ஃபிஞ்சோனேயை வெறும் தக்காளி பாண் என்று நம்பவேண்டாம், அதற்குள் நெத்தலி கரைந்து கிடக்கும்.

தோசைக்கல்
அந்தக் கவலையே வேண்டாம் என்றால் ஜெனோவா. ஃபரினாத்தா. அதே கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். மாவைக் கரைத்துப் பல மணி நேரம் ஊறவிட்டு, அகலமான செம்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்புக்குள் தள்ளுவார்கள். பொரிக்கும் எண்ணெய்ச் சட்டிக்கே வேலை இல்லை. மேலே மொறுமொறுவென்று, உள்ளே அல்வாப் பதம். மிளகுத்தூள் தூவிக் காகிதத்தில் தருவார்கள். நான் நின்ற கடையில் ஒரு தட்டு தீர்ந்து அடுத்தது வர இருபது நிமிடம் ஆயிற்று, ஒருவர்கூட வரிசையை விட்டுப் போகவில்லை. ஃபொகாச்சா என்ற தட்டை ரொட்டியும் அங்கே ஆலிவ் எண்ணெயில்தான். காலையில் அதைக் காப்புச்சீனோவில் முக்கிச் சாப்பிடுகிறார்கள். நமக்கு வர்க்கி ஞாபகம் வரும்.

அளவுச்சாப்பாடு
சரி, சாப்பாட்டில் தோற்றேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் தோற்கவில்லை. ஒருவேளை நின்று சாப்பிடலாம், மூன்று வேளையும் முடியாது. இத்தாலியக் காபிக்கடைகளில் நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. பல உணவகங்களில் உட்கார்ந்தால் தலைக்கு இவ்வளவு என்று ‘கொப்பெர்த்தோ’ வேறு சேரும். அதைக் கொள்ளை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். மாமனாரின் முழங்காலுக்கு அது வாடகை. மதியம் ஒரு வேளையாவது உட்கார வையுங்கள்.

மதுரை மீனாள்
இதில் நான் உங்கள் பக்கம். நேபிள்ஸில் மட்டும் விதிவிலக்கு கொடுங்கள். நான்காக மடித்த பிட்சா அ போர்த்தஃபோல்யோவை நடந்துகொண்டே சாப்பிட்டால்தான் ருசி. மாமனாருக்கு மரினாரா. பெயரில் கடல் இருந்தாலும் மீன் கிடையாது, தக்காளி, பூண்டு, ஒரிகானோ, எண்ணெய், அவ்வளவுதான். சீஸே இல்லை என்பதால் உங்கள் ரகசியமும் காப்பாற்றப்படும். சட்டையில் எண்ணெய் சொட்டும், முன்னால் குனிந்து கடிக்கச் சொல்லுங்கள்.

வடபழனி வாசி
முடிவு: காலையும் சாயங்காலமும் தெரு, மதியம் நாற்காலி. மாமனாரிடம் இரண்டு ஊரையும் சொல்லிப் பார்த்தேன். “விறகு அடுப்பா? அது எந்த ஊர்?” என்று கேட்டார். ஜெனோவாவுக்கு டிக்கெட் போட்டாச்சு. பலெர்மோ அண்ணன் மன்னிக்கவும், அடுத்த தடவை நிச்சயம் வந்து உங்கள் ஊர்ப் பொரித்த சோற்று உருண்டை அரஞ்சினோ சாப்பிடுகிறோம்.

பலெர்மோக்காரன்
வராததுக்கு மன்னிப்பு உண்டு. அரஞ்சினோ என்று சொன்னதுக்கு இல்லை. அது இதே சிசிலித் தீவில் கத்தானியாக்காரர் சொல்கிற ஆண்பால். இங்கே அரஞ்சினா, பெண்பால். அரஞ்சா என்றால் தோடம்பழம் (நீங்கள் சொல்கிற ஆரஞ்சு), அது பெண்பால், அதன் குட்டி அரஞ்சினா. 2016இல் மொழிக்கழகம் க்ருஸ்காவே இரண்டும் சரி என்று எழுதிவிட்டது. இங்கே ஒருவரும் அதைக் கேட்கிறதாக இல்லை.