எடையைப் பற்றி யாரோ சொன்னது, செய்தது: உங்களுக்கு மறக்காத ஒன்று எது?

ஈசூன் வாசி:
1996, தொடக்கநிலை 4. டாஃப்தான் (TAF), வேறென்ன, எடை கூடிய பிள்ளைகளை இளைக்க வைக்கச் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் நடந்த திட்டம். அந்த மூன்று ஆங்கில எழுத்தைத் திருப்பிப் படித்தால் என்ன வரும் என்று பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். இடைவேளை மணி அடித்தால் மற்றவர்கள் கேன்டீனுக்கு, நாங்கள் ஆறு பேர் திடலுக்கு. ஒருநாள் நாலாவது சுற்றில் கேன்டீன் ஓரமாக ஓடி வருகிறேன், என் உயிர்த்தோழி மீ கோரெங் தட்டோடு நிற்கிறாள். என்னைப் பார்த்ததும் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அவள் சிரித்திருந்தால்கூட மறந்திருப்பேன். 2007இல் அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள், ஆனால் எனக்கு இன்றைக்கும் நாலு பேர் பார்க்கச் சாப்பிட முடியவில்லை.

டாக்சிக்காரர் மகள்:
அப்பாவுக்கு இரவு ஷிஃப்ட், பன்னிரண்டு மணி நேரம் ஸ்டியரிங் பிடித்தபடி. விடியற்காலை மூன்று மணிக்குத் திறந்திருக்கும் கடையில் என்ன கிடைக்குமோ அதுதான் சாப்பாடு. சர்க்கரை, அப்புறம் சிறுநீரகம். மருந்தகத்தில் ஓர் இளம் டாக்டர், கோபமாகக்கூட இல்லை, "எல்லாம் உங்க கையிலதான் இருக்கு அங்கிள்" என்றார். அப்பா மடியில் இருந்த தன் இரண்டு கைகளையும் குனிந்து பார்த்தார். வீடு வரும்வரை பேசவில்லை. 2019இல் போய்விட்டார், 64 வயது. அந்த ஆண்டு சிங்கப்பூரின் சராசரி ஆயுள் 83.7. அது பிறக்கும் குழந்தைக்கான கணக்கு என்று தெரியும், இருந்தாலும் அதைப் படித்த அன்று கழித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

புக்கிட் பாத்தோக் அண்ணன்:
அக்கா எழுதியது வருத்தம்தான், ஆனால் பிள்ளைகளை ஓட வைத்ததே தப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சாப்பிடும் நேரத்தில், எல்லார் கண் முன்னாலும் ஓட விட்டதுதான் தப்பு. என் கதை சின்னது: தம்பி கல்யாணத்துக்குத் தேக்காவில் அளவு கொடுத்தேன், தையல்காரர் "இந்தத் துணி பத்தாதே" என்றார், அன்றைக்கே முடிவெடுத்தேன். யாரோ நமக்காக நடக்கப்போவதில்லை. நாடு முழுக்க ஆயுள் கூடுகிறதே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம், உலக நோய்ச்சுமை ஆய்வின் 2017 கணக்கில் (தங்கை சொன்னது வேறு கணக்கு) சராசரி ஆயுள் 84.8, அதில் ஆரோக்கியமாக வாழ்வது 74.2தான், மீதிப் பத்து வருஷம் ஏதோ ஒரு நோயோடு. நம் ஆசிய உடம்புக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு, 23லேயே ஆபத்து கூட ஆரம்பிக்கிறது, 25 வரை காத்திருக்காதீர்கள். டின் பானம் வாங்கினால் சர்க்கரை, கொழுப்பு அளவைக் காட்டும் நியூட்ரி-கிரேட் எழுத்தைப் பாருங்கள், ஏ நல்லது, டி என்றால் வைத்துவிடுங்கள். ஒரு பஸ் நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடங்கள். ராத்திரி பரோட்டாவை விடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் தே தாரிக்கை நிறுத்தி, பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங்குக்கு மாறுங்கள், முதல் வாரம் கசக்கும், அப்புறம் பழகிவிடும். இந்தத் தங்கையின் அப்பாவிடம் யாராவது இதை முன்னாலேயே பக்குவமாகச் சொல்லியிருந்தால்...

டாக்சிக்காரர் மகள்:
அண்ணே, அப்பா கடைசி எட்டு வருஷமும் தே ஓ கோசோங்தான் குடித்தார்.

ஈசூன் வாசி:
தங்கச்சி, அந்த டாக்டர் அப்படிச் சொன்னபோது நீங்கள் பக்கத்தில்தான் இருந்தீர்களா?

டாக்சிக்காரர் மகள்:
ஆமாம் அக்கா. நானும் தலையாட்டினேன்.