தலைக்கு மேல் வெள்ளம் போகும்போது திறக்க வேண்டிய கையேடு

தலைக்கு மேல வெள்ளம் போயிட்டிருக்கிற ஆள் கையில 300 பக்கப் புத்தகத்தைத் திணிக்காதீங்க. ரெண்டு பத்திகூட உள்ளே இறங்காது. உலக சுகாதார நிறுவனம் 2020ல மனஅழுத்தத்துக்கு ஒரு படக் கையேடு இலவசமா வெளியிட்டுச்சு. அதுல படம் நிறைய, எழுத்து கொஞ்சம். கூடவே பயிற்சிகளுக்கு ஒலிப்பதிவும் உண்டு. மொத்தம் 5 பகுதி. வாரத்துக்கு ஒரு பகுதின்னு எடுத்துக்கிட்டாப் போதும். ஒரே ராத்திரியில முடிச்சா கதைப் புத்தகம் படிச்ச பலன்தான்.

முதல் பகுதி, தரையில ஊன்றி நிக்கிறது. செய்முறை இது: மனசுல என்ன ஓடுதுன்னு முதல்ல கவனிங்க. பாதம் ரெண்டையும் தரையில மெதுவா அழுத்துங்க. கையை நீட்டுங்க, உள்ளங்கைகளைச் சேர்த்து அழுத்துங்க. மூச்சை முதல்ல முழுசா வெளியே விடுங்க, அப்புறம் நெஞ்சு தானா நிறையட்டும். பெரும்பாலானவங்க பதற்றத்துல இன்னும் இழுத்துத்தான் பார்ப்பாங்க, அதுலதான் தலை சுத்தும். கடைசியா, சுத்தி இருக்கிறதைக் கவனிங்க. எதிர்ல டீ டம்ளர் இருந்தா அதோட சூடு, வாசனை, நாக்குல படுற ருசி. அவ்வளவுதான்.

---

மேலே முதல் பகுதியைப் பற்றிச் சொன்னதோடு ஒன்று சேர்க்கணும். ‘செஞ்சு பார்த்தேன், எண்ணம் போகலையே’ என்று கேட்பவர்கள்தான் அதிகம். எண்ணத்தை விரட்டுவதற்கான பயிற்சி இது இல்லை. புயல் அடிக்கும்போது மரத்தைப் பிடித்துக்கொள்வது மாதிரி. புயல் நிற்காது, நாம் பறக்காமல் இருப்போம். ‘போச்சா, போச்சா’ என்று அரை நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்தால், கவனம் திரும்ப அங்கேயேதான் மாட்டும்.

இன்னொரு தப்பு, நெருக்கடி வரும்போது மட்டும் செய்வது. கிணற்றில் விழுந்த பிறகு நீச்சல் பழக முடியுமா? பஸ்ஸுக்கு நிற்கும்போது, குக்கர் விசில் வருவதற்குள், இப்படி ஒன்றும் இல்லாத நேரத்தில் 2 நிமிடம் செய்து பழகியிருக்க வேண்டும்.

---

எனக்குப் பிடிச்சது ரெண்டாவது பகுதி. எண்ணம் தூண்டில் மாதிரி நம்மைக் கொக்கி போட்டு இழுக்குது. அதுல இருந்து கழண்டுக்க மூணு படி: கவனி, பேர் சொல்லு, கையில இருக்கிற வேலைக்குத் திரும்பு.

இந்த ரெண்டாவது படிக்குத் தமிழ் ரொம்ப வசதி. ‘நான் உதவாக்கரை’ன்னு சொல்றதுக்கும் ‘நான் உதவாக்கரைங்கிற எண்ணம் ஒண்ணு வருது’ன்னு சொல்றதுக்கும் நடுவுல இருக்கிற அந்த ‘ங்கிற’ இருக்கே, கழட்டி விடுறது அதுதான். உடம்புல தெரிஞ்சா இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்க: ‘நெஞ்சுல ஒரு இறுக்கம் இருக்கிறதைக் கவனிக்கிறேன்.’ வாய்விட்டுச் சொன்னா இன்னும் நல்லது. எண்ணம் உண்மையா பொய்யான்னு வாதாட ஆரம்பிச்சீங்கன்னா மறுபடி கொக்கியிலதான்.

---

மூன்றாவது பகுதி, விழுமியங்களின்படி, அதாவது நமக்கு எது முக்கியமோ அதன்படி நடப்பது. இதைப் பலர் ‘தத்துவம்’ என்று தாண்டிப் போகிறார்கள். வேலைச்சுமையில் திணறுகிறவர்களுக்கு இதுதான் நேரடியாக உதவும். கஷ்டமான நிலைமைக்கு மூன்று வழி சொல்கிறது கையேடு. ஒன்று, விலகிப் போவது. இரண்டு, மாற்ற முடிந்ததை மாற்றி, முடியாததன் வலியை ஏற்று, நமக்கு முக்கியமான விழுமியங்களின்படி நடப்பது. மூன்று, எல்லாவற்றையும் கைவிடுவது. ஒரு தாளில் இந்த மூன்றையும் எழுதுங்கள். பிறகு ஒரே ஒரு விழுமியம், அதற்கு இந்த வாரத்தில் ஒரே ஒரு சின்னச் செயல். ‘குடும்பத்தைக் கவனிப்பேன்’ என்று எழுதினால் நடக்காது. ‘வியாழன் ராத்திரி சாப்பிடும்போது போனை அடுத்த ரூமில் வைப்பேன்’ என்று எழுதினால் நடக்கும்.

நாலும் அஞ்சும் (தன்மேல் கருணை, வேதனைக்கு இடம் விடுவது) முதல் இரண்டும் பழகிய பிறகு தானாகப் பிடிபடும்.

இதே பயிற்சிகளைக் குழுவாகச் செய்யும் வடிவமும் இருக்கிறது: 2 மணி நேர அமர்வுகள் 5. உகாண்டாவில் தெற்கு சூடான் அகதிப் பெண்களிடம் அதைச் சோதித்தபோது, நடத்தியவர்கள் மனநல நிபுணர்கள் அல்ல, சுருக்கமான பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள். ஒலிப்பதிவைப் போட்டுத்தான் நடத்தினார்கள். அதனால் தனியாகப் படிக்க அலுப்பாக இருந்தால் இரண்டு பேராக உட்கார்ந்து செய்யலாம், தப்பில்லை.

---

ஒரே ஒரு எச்சரிக்கை. தூக்கம் வாரக்கணக்கா கெட்டிருந்தா, அன்றாட வேலையே ஓடலைன்னா டாக்டரைப் பாருங்க. சாகணும்கிற நினைப்பு வந்தா புத்தகத்தை மூடிட்டு உடனே போனை எடுங்க. மனநல உதவி எண்கள்: இந்தியாவுல டெலி மானஸ் 14416, இலங்கையில 1926.