‘ஃபைட் வித்’ என்றால் எதிர்த்தா, சேர்ந்தா?

கரிசல்காடு: நேற்று வாத்தியார் ஐயா போகிற போக்கில் ஒரு தீர்ப்பு சொல்லிவிட்டுப் போனார். ‘வெலிங்டன் ஃபாட் வித் த பிரஷ்யன்ஸ் அட் வாட்டர்லூ’ என்ற வரியை நான் ‘பிரஷ்யர்களோடு சேர்ந்து போரிட்டார்’ என்று தமிழாக்கியது தப்பாம். ஃபைட்டுக்குப் பின்னால் வித் வந்தால் ‘எதிர்த்து’ மட்டும்தானாம். 1815-ல் வாட்டர்லூ போரில் பிரஷ்யத் தளபதி புளூஹர் வந்ததே பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனுக்குக் கைகொடுக்க. எதிரி நெப்போலியன். நான் என்ன, வரலாற்றையே மாற்றி எழுதவா?

பழைய வாத்தியார்: வரலாறு எனக்கும் தெரியும் தம்பி. நான் பேசியது வித் பற்றி. பழைய ஆங்கிலத்தில் வித் என்றாலே ‘எதிராக’. வித்ஸ்டாண்ட் என்ற சொல்லைப் பாரும். எதிர்த்து நிற்பது, கூட நிற்பது இல்லை. ‘கூட’ என்பதற்கு அவர்களிடம் மிட் என்று தனிச்சொல் இருந்தது. ஜெர்மனில் இன்றும் அதுதான். 871-ல் டேனியரோடு நடந்த சண்டைகளை பழைய ஆங்கில வரலாற்று ஏடான ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேடு வித் போட்டுத்தான் எழுதுகிறது. அந்த வரி ஆங்கிலத்திலேயே தப்பு. தப்பான வரிக்கு நீர் வக்காலத்து.

மணல்மேடு: சார், அந்த மிட் செத்துப்போய் எத்தனையோ நூற்றாண்டு ஆகிறது. மிட்வைஃப் என்ற சொல்லில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிரசவத்தில் பெண்ணோடு கூட இருப்பவள் என்று. அதன் வேலையையும் சேர்த்து வித் எடுத்துக்கொண்டது. இல்லையென்றால் ‘காபி வித் மில்க்’ பாலுக்கு எதிரான காபியா?

பழைய வாத்தியார்: காபி சண்டை போடாது. வித்ஸ்டாண்டுக்குப் பதில் சொல்லுங்கள்.

நொய்யல்: ‘பிரிட்டன் ஃபாட் வித் ஃபிரான்ஸ்’. பக்கத்தில் 1815 என்று போட்டால் எதிர்த்து. 1854 என்று போட்டால் கிரிமியப் போர், ரஷ்யாவுக்கு எதிராகச் சேர்ந்து. வரி ஒன்றுதான். குழப்பம் வேண்டாம் என்றால் எதிர்த்து என்பதற்கு அகெய்ன்ஸ்ட், சேர்ந்து என்பதற்கு அலாங்சைட் என்று பிரித்து எழுதலாம். தமிழிலும் ‘சோழன் பாண்டியனோடு போரிட்டான்’ என்றால் கூட்டணி என்று யாரும் நினைப்பதில்லையே.

பழைய வாத்தியார்: பார்த்தீர்களா! நொய்யலே என் பக்கம்.

நொய்யல்: நான் யார் பக்கமும் இல்லை ஐயா. பாதியை மட்டும் படிக்காதீர்கள்.

கரிசல்காடு: ‘ஃபைட் வித் எ ஸ்வோர்டு’ என்றால் வாளை எதிர்த்துச் சண்டையா?

பழைய வாத்தியார்: வாள் கருவி. வேற்றுமை தெரியாதவரோடு என்ன பேச்சு? அது போகட்டும், ‘போரிட்டார்’ என்ன தமிழ்? ‘பொருதார்’ என்று அருமையான சொல் இருக்கிறது.

கரிசல்காடு: வந்துவிட்டார். போன தீபாவளிக் குறுக்கெழுத்தில் என் விடை சரி, உங்கள் விடை தப்பு என்று ஆனதே, அந்தக் காந்தல் இன்னும் ஆறவில்லை போல.

பழைய வாத்தியார்: அதில் கட்டமே தப்பு. பேச்சை மாற்றாதீர். வித்ஸ்டாண்ட்!

மணல்மேடு: பேச்சை மாற்றியது யார் சார்? பொருதாரைக் கொண்டுவந்தது நீங்கள்.

தெக்கத்தி மாமா: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நானும் வீட்டுக்காரியும் சேர்ந்து பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போட்டோம். இதை ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டு வித் வருகிறது. யார் யாரை அடித்தார்கள் என்று தெரியுமா?

பழைய வாத்தியார்: முதலில் சண்டை எதற்கு?

தெக்கத்தி மாமா: மாமரக் கிளை எங்கள் பக்கம் வருகிறது. இலை கொட்டுகிறது. காய் மட்டும் அவர்களுக்காம்.

கரிசல்காடு: கிளை உங்கள் பக்கம் என்றால் காயும் உங்களுக்குத்தான்.

பழைய வாத்தியார்: அதுவும் தப்பு. மரம் யாருடையதோ காய் அவருடையது. இவருக்கு இதுவும் தெரியவில்லை, வித்தும் தெரியவில்லை.

கரிசல்காடு: என் வரியை மாற்றமாட்டேன். ‘சேர்ந்து’தான்.

பழைய வாத்தியார்: வித்ஸ்டாண்டுக்கு இன்னும் பதில் வரவில்லை.