நாள் கடந்து தெரியவந்த குதிகால் தசைநாண் அறுவு: இருவர், இரு வழிகள்

மேலூர்ப் பக்கத்துக் கபடி வீரர் ஒருவருக்கும், உசிலம்பட்டி அருகே தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவருக்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நான் பயிற்சி அளிக்க நேர்ந்தது. இருவருக்கும் கெண்டைத்தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் குதிகால் தசைநாண் முழுவதுமாக அறுந்திருந்தது. இருவருக்கும் அது பல வாரங்கள் கழித்தே தெரியவந்தது. மதுரையில் இயன்முறை மருத்துவம் பார்க்கும் எனக்கு இது புதிதன்று. பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் இருந்தது என்பார்கள். சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து நீவுவார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு முறியவில்லை என்றதும் வீடே ஆறுதல் அடைந்துவிடும்.

பாதம் கீழ்நோக்கி அசைகிறதே, பிறகு எப்படி அறுந்திருக்கும் என்று பெரியவரின் மகன் கேட்டார். விரல்களை மடக்கும் தசைகளும் கணுக்காலின் பின்புறமாகச் செல்லும் பிற தசைகளும் அந்த அசைவை ஓரளவு தந்துவிடும். ஒற்றைக்காலில் நின்று குதிகாலைத் தூக்கச் சொன்னால்தான் குறை வெளிப்படும். குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைச்சதையை அழுத்தி, பாதம் அசைகிறதா என்று பார்க்கும் சோதனைக்குக் காசு செலவில்லை; அசையாவிட்டால் தசைநாண் அறுந்திருக்கலாம். அதனால்தானோ என்னவோ பலர் அதைச் செய்வதில்லை. நாள் சென்றபின் இடைவெளியில் தழும்புத் திசு படர்ந்து அந்தச் சோதனையும் குழப்பக்கூடும் என்பதால், இருவருக்குமே ஸ்கேன் எடுத்துத்தான் உறுதிசெய்யப்பட்டது.

கபடி வீரரின் அண்ணன், 2022இல் வெளியான நார்வே ஆய்வைப் படித்துவிட்டு வந்திருந்தார். 526 பேரைப் பின்தொடர்ந்த அந்த ஆய்வில், அறுவை சிகிச்சை செய்தவர்களும் செய்யாதவர்களும் 12 மாதங்களில் ஏறக்குறைய ஒரே நிலையை அடைந்தார்கள். மீண்டும் அறுவது மட்டும் அறுவை செய்யாதவர்களிடம் 6.2 விழுக்காடாகவும் செய்தவர்களிடம் 0.6 விழுக்காடாகவும் இருந்தது. ஆனால் அவை புதிதாக அறுந்த தசைநாண்கள். பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டினாலே முனைகள் நெருங்கிவிடும். 4 வாரங்களைக் கடந்துவிட்டால் கெண்டைத்தசை சுருங்கி மேல்முனையை இழுத்துக்கொள்வதால், அந்தக் கணக்கை இங்கே பொருத்துவது முறையன்று என்பதே என் கருத்து. தம்பிக்கு இடைவெளி பெரிதாக இருந்தது. கால் பெருவிரலை மடக்கும் தசைநாணைக் குதிகால் எலும்புக்கு மாற்றிப் பொருத்தினார் அறுவை மருத்துவர். இப்போது தம்பி ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்குகிறார். கெண்டை இன்னும் மெலிந்தே இருக்கிறது. களத்துக்குத் திரும்புவது பற்றி நான் வாக்களிக்கவில்லை.

பெரியவருக்குக் கட்டுப்படாத சர்க்கரை, அதன்மேல் பீடிப் பழக்கம். குதிகாலின் பின்புறத் தோல் மெல்லியது. அங்கே புண் ஆறாமல் போனால் முதலில் இருந்த குறையைவிடப் பெரிய தொல்லையாகிவிடும் என்று மருத்துவர் கத்தியைத் தொடவில்லை. காலணிக்குள் குதிகாலை உயர்த்தும் பட்டை, கணுக்கால் தாங்கி, தசை வலுவூட்டும் பயிற்சி என்று போனது. தோட்டத்துக்கு நடந்துபோகிறார், மேட்டில் ஏறச் சிரமப்படுகிறார்.

அவருடைய தசைநாண் தொய்ந்த கொடிக்கயிறுபோல நீண்டே ஒட்டியிருக்கிறது. ஆகவே, யார் சொன்னாலும் படியின் விளிம்பில் நின்று குதிகாலைக் கீழிறக்கிக் கெண்டையை இழுக்கும் பயிற்சி மட்டும் வேண்டாம் என்று அவரிடமும் மகனிடமும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.