மறுமொழி: ‘டென்டடிவ்’ என்பதற்குச் சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

அட்டனிலிருந்து:
வணக்கம். நுவரெலியாவில் ஓர் அலுவலகம் பொதுக் கலண்டர் மென்பொருளுக்கு மாறுகிறது. அதன் கைநூலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. முதல் வரைவை யாரோ இயந்திரத்தில் போட்டு எடுத்திருக்கிறார்கள். அப்பொயின்ட்மென்ட் வந்த இடமெல்லாம் ‘நியமனம்’. ‘உங்கள் நியமனம் உறுதிப்படுத்தப்பட்டது’ என்று சோதனைக் குறுஞ்செய்தி போனதும், ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருக்கிற ஒரு பிள்ளை சான்றிதழ்க் கோவையோடு வந்து நின்றிருக்கிறது. அதைச் ‘சந்திப்பு’ என்று மாற்றிவிட்டேன், அதில் சண்டை வேண்டாம். சிக்கல் டென்டடிவ், அதாவது இன்னும் உறுதியாகாத சந்திப்புக்குப் போடும் குறிப்பு. வரைவில் ‘தற்காலிகம்’ என்று கிடக்கிறது. தற்காலிகச் சந்திப்பு என்றால் கொஞ்ச நேரம் சந்தித்துவிட்டுக் கலைந்துபோவதா?

பதுளையிலிருந்து:
சண்டை வேண்டாம் என்றால் எப்படித் தம்பி? பஸ் ஸ்டாண்டில் இருவர் தற்செயலாக எதிர்ப்பட்டாலும் சந்திப்புத்தான். இடமும் பொழுதும் பேசிவைத்துச் சந்திப்பதற்கு அகப்பொருள் இலக்கணம் தனிச்சொல் வைத்திருக்கிறது: குறி. பகற்குறி, இரவுக்குறி. குறிஞ்சிக்கு உரிப்பொருளே புணர்தல். மலையில் இருந்துகொண்டு இதை நாம் விடலாமா? தலைவன் குறி செய்தான் என்று வேறேதோ ஓசையை நம்பித் தலைவி போய் ஏமாந்து திரும்பினால் அது அல்லகுறி. தொல்காப்பியர் களவியலில் அதற்கும் இடம் கொடுத்திருக்கிறார். நடக்காத கூட்டத்துக்கு மணியடிக்கிற கலண்டருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா?

டென்டடிவுக்கு ‘ஐயக்குறி’ என்பேன். ஐயத்துக்கு உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம் ‘குற்றிகொல்லோ மகன்கொல்லோ’: தூரத்தில் நிற்பது கட்டையா, ஆளா? நானுஓயாப் பனிமூட்டத்தில் விடிகாலை நடந்தவருக்கு இதற்கு உரை தேவையில்லை. ஐயத்துக்கு எதிர் துணிவு. ஆகவே உறுதியானது ‘துணிகுறி’.

பண்டாரவளையிலிருந்து:
சேர், வகுப்பில் நிற்கிறவள் நான். ‘குறி’ என்று பலகையில் எழுதினால் முன்வரிசை அம்மாக்கள் குறி சொல்கிற இடமா என்று கேட்பார்கள். பின்வரிசைப் பையன்கள் ஏன் சிரிப்பார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. ‘உத்தேசம்’ போதுமே. எல்லாருக்கும் விளங்கும்.

பதுளையிலிருந்து:
உத்தேசம் வடசொல்.

பண்டாரவளையிலிருந்து:
நேரசூசியும்தான். அதைப் பார்த்துத்தான் நாளைக்கும் பாடம் எடுக்கப் போகிறேன்.

பொகவந்தலாவையிலிருந்து:
நம் வீட்டுச் சொல்லை ஏன் யாரும் நினைக்கவில்லை? தோட்டத்தில் ஒரு நாள் வேலை என்றால் ஒரு ‘பேர்’. கொழுந்து நிறுவையில் குறைந்தால் ‘அரைப்பேர்’. பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற இடத்துக்கு, வந்தாயிற்று, கணக்கில் முழுதாகச் சேரவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்கிறவருக்கு அரைப்பேர் போட்டால் என்ன? சங்ககாலம் வரைக்கும் நடந்து போகிறோம், நம் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் கிடக்கிற சொல் எந்தக் கலைச்சொல் பட்டியலுக்கும் வருவதில்லை.

ஹப்புத்தளையிலிருந்து:
அண்ணே, சொல் நம்முடையதுதான். அதனால்தான் வேண்டாம் என்கிறேன். அரைப்பேர் என்றால் உறுதியில்லை என்று அர்த்தமில்லை. நாள் முழுக்க நின்று பறித்தும் கிலோ குறைந்ததற்காகப் பாதிச் சம்பளம். மழை நாளில் அம்மா கூடையை இறக்குமுன்னே ‘இன்னைக்கு அரைப்பேர்தான்’ என்பார், அப்புறம் யாரும் எதுவும் கேட்க மாட்டோம். வேலை செய்தவளின் கூலியை வெட்டிய சொல்லை, கூட்டத்துக்கு வருவாரா என்றே தெரியாத ஓர் அதிகாரியின் பெயருக்குப் பக்கத்தில் போடுவதா?

மாத்தளையிலிருந்து:
இடையில் ஒன்று. கலண்டரில் கொழும்பு நேரத்தைத் தெரிவுசெய்தால் நம் வரலாறும் சேர்ந்தே வருகிறது. 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளினார்கள். ஒக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தார்கள். 2006 ஏப்ரலில் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்திய பழைய நேரத்துக்கே வந்து சேர்ந்தோம். அந்தப் பத்து வருசமும் ‘புது நேரமா, பழைய நேரமா’ என்று கேட்காமல் சந்திப்பு வைக்க முடிந்ததா? சரி, தலைப்புக்கு வாருங்கள்.

கண்டியிலிருந்து:
சொல்லைத் தேடுமுன் பொருளைப் பார்ப்போம். கலண்டர்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான வரையறை ஐகலண்டர். 1998இல் வந்தது, 2009இல் ஆர்எஃப்சி 5545 என்ற இணையத் தர ஆவணமாகப் புதுப்பிக்கப்பட்டது. அதில் டென்டடிவ் இரண்டு வேலை செய்கிறது. கூட்டம் கூட்டுகிறவர் ‘இன்னும் முடிவாகவில்லை’ என்று போடுவது கூட்டத்தின் நிலை. அழைக்கப்பட்டவர் ‘வந்தாலும் வருவேன்’ என்பது ஆளின் பதில். ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகக் கிடக்கட்டும், நமக்கென்ன? கூட்டத்துக்கு ‘உத்தேசம்’ சரி. பதிலுக்குப் பெயர்ச்சொல்லே வேண்டாம். பொத்தானில் வினை போடுங்கள்: வருவேன், வரமாட்டேன், வரக்கூடும்.

இன்னொன்று. போயா (பௌர்ணமி விடுமுறை) நாளைக் குறித்துவைத்தாலும் ஆள் வேலையில் இருப்பதாகக் காட்டாமல் விடலாம், நேரத்தை அடைக்காத நிகழ்வு அது. வரைவில் அதற்கு ‘ஓய்வு’. செயலாளர் ஓய்வு என்று திரையில் வந்தால் பிரியாவிடைக்குக் காசு சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

பதுளையிலிருந்து:
‘வரக்கூடும்’ செய்யுமென் முற்று. தன்மைக்கு வராது. வருவேன், வரமாட்டேன் என்று இரண்டு தன்மை வினைக்குப் பக்கத்தில் அதை நிறுத்தினால் அதிகாரி பாதியில் அஃறிணை ஆகிவிடுவார்.

பண்டாரவளையிலிருந்து:
‘வரப் பார்க்கிறேன்’ போடுங்கள். தன்மைதான் சேர். கல்யாண வீட்டுக்கு அழைத்தால் எல்லாரும் சொல்வதும் அதுதான். (சொன்னவர்கள் வந்ததில்லை. டென்டடிவும் அப்படித்தானே?)

அட்டனிலிருந்து:
வியாழன் இரவாகிவிட்டது. ‘உத்தேச’த்தை விரும்பியவர்களைவிட எதிர்த்துக் களைத்தவர்கள் அதிகம் என்று தெரிகிறது, இருந்தாலும் அதையே போடுகிறேன். பொத்தானில் ‘வரப் பார்க்கிறேன்’. ‘ஓய்வு’ போய் ‘நேரம் உண்டு’. அரைப்பேர் கைநூலில் வராது.

பதுளையிலிருந்து:
என் மறுப்பைப் பதிவுசெய்யுங்கள். பிழையாக அடித்த நினைவூட்டலுக்காவது ‘அல்லகுறி’ என்று அடைப்புக்குள் போடக்கூடாதா?

அட்டனிலிருந்து:
அச்சகத்துக்குக் கொடுத்தாயிற்று சேர். இரண்டாம் பதிப்பில் பார்ப்போம்.

பதுளையிலிருந்து:
‘பார்ப்போம்’ என்பதன் பொருள் எனக்கும் தெரியும் தம்பி.